நகல் எடுக்கப்பட்டது

என் அக்காவின் பேச்சை ஒரு பேரவை கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, கை தட்டி அழித்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களும் எங்கே போனாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வாயைத் திறந்தால்தான் சம்பளம். பகலெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மிச்சத்தை என்னிடம் பேசுவாள். அப்பா அம்மா போன பிறகு அவள் திட்டித் திட்டித்தான் நான் ஆளானேன். எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டு என் மனைவியையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தாள். அப்படிப்பட்டவளை ஒருநாள் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, நாக்கும் திரும்பவில்லை. புத்தியும் எழுத்தும் தப்பித்தன. அது பெரிய அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அதிர்ஷ்டம் எந்தக் கோலத்தில் எல்லாம் வருகிறது பாருங்கள்.

யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு லேப்டாப்பை வாங்கி வந்தோம். இடது கை விரலால் அக்கா தட்டினால் அது சத்தமாகப் படிக்கும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட நேரமாகும் என்பதால், அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை எழுதிச் சேமித்து, வாக்கியத்துக்கு ஒரு பொத்தான் வைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் சேர்த்தாள். அதில் தண்ணீர் வேண்டும், ஃபேனைக் குறை எல்லாம் கொஞ்சம்தான். மீதி அத்தனையும் வசவு. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் உள்ளிருந்து அந்தப் பெட்டி கேட்கும்: "வந்துட்டியா துரை? கொட்டிக்கிட்டியா?" அதற்குத் திட்டத் தெரியாது. ஸ்டேஷனில் வண்டி வருகிறது என்று அறிவிப்பதுபோலத் திட்டும். நானும் மனைவியும் சிரிப்போம். அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணும். அவளுக்கு அதுதான் சிரிப்பு.

ஒருநாள் அந்த லேப்டாப்பின் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்தது. 'உங்கள் சாதனம் பழையதாகிவிட்டது. புதியது வாங்குங்கள்.' அக்கா ஒரு வாக்கியத்தைப் பாதி தட்டும்போது வரும். மூடினால் மறுபடி வரும். நாளாக ஆக மெஷினும் மூச்சு வாங்கியது. "முதுகு வலிக்குது" என்று அவள் தட்டினால் அது சொல்லி முடிப்பதற்குள் வலியே போய்விடும். புது லேப்டாப் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. கம்பெனிதான் இதைக் கைகழுவிடுச்சு," என்றார் கடைக்காரர். "உள்ள ஓடுற சிஸ்டத்தை மாத்திட்டா இன்னும் பல வருஷம் ஓடும். நீர்நாய்னு ஒண்ணு இருக்கு. ஊர்ல பத்துப் பேர் சேந்து செஞ்சது, யார் வேணா எடுத்துக்கலாம். ஆனா எனக்குப் போடத் தெரியாது, நான் ஸ்க்ரீன் மாத்துறவன். அதுக்குன்னே ஒரு பேரவை இருக்கு, அங்க போங்க."

"எவ்வளவு கேப்பாங்க?"

"இலவசம். சட்டை வேற தர்றாங்களாம்."

கம்ப்யூட்டரைச் சரிபண்ணப் போகிறவனுக்குச் சட்டை எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாற்று இயங்குதள விழிப்புணர்வுப் பேரவை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. உள்ளே போனால் சுவர் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் நீர்நாய் ஸ்டிக்கர். மல்லாந்து படுத்த நீர்நாய், கண்ணாடி போட்ட நீர்நாய், முஷ்டியை உயர்த்திய நீர்நாய். ஃபேன் இறக்கைகளிலும் ஒட்டியிருந்தார்கள். ஓர் இறக்கையில் கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் ஃபேன் கிறுகிறுத்துக்கொண்டு சுற்றியது. அதன் கீழே நீல டீ-ஷர்ட் போட்ட தலைவரும், அதே டீ-ஷர்ட் போட்ட செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எதிரே ஒரு லேப்டாப். அதன் மூடி என் பக்கம் இருந்தது, அதில் ஓர் இஞ்ச் இடம் பாக்கியில்லை.

அக்காவின் கதையைச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இப்ப என்ன இருக்கு?"

"கம்பெனி சிஸ்டம்தாங்க."

"உள்ள இருக்கறதைக் கேக்கல. மேல என்ன இருக்கு?"

"மேலயா? மேல ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் கீறல் இருக்கு."

செயலாளர் உச்சுக் கொட்டினார். "மொட்டையா விட்டிருக்காங்க சார்."

"அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க, மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "நம்ம கொள்கை என்னன்னா, முதல்ல வெளிய மாறணும். வெளிய மாறினா உள்ள மாறியே தீரும்."

"தானாவா?"

"தானா எப்படி மாறும்? அதுக்கு நிறுவல் குழு இருக்கு."

"அவங்களைப் பாக்கலாங்களா?"

"குழு இருக்கு. ஆள் இன்னும் போடல."

அப்போது தலைவரின் லேப்டாப் 'டிங்' என்றது. அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியில் எனக்கு அந்தத் திரை தெரிந்தது: உங்கள் சாதனம் பழையதாகிவிட்டது. தலைவர் பட்டென்று மூடியைச் சாத்தினார்.

"ஆபீஸ் வேலைக்கு வேண்டியிருக்கு," என்றார். "மூடி நம்முது."

மூலையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய டீ-ஷர்ட் ஒருகாலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து நீர்நாய் கரைந்து, மீசை மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் கை தூக்கினார்.

"சாயம் போன சட்டையோட பேச அனுமதி இல்ல," என்றார் செயலாளர், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் கையைக் கீழே போட்டார். பேரவையில் அவருக்குச் சாயம்போனவர் என்றே பெயர்.

புறப்படும்போது எனக்கு ஒரு சாவிக்கொத்து தந்தார்கள். அச்சு அசல் பென் டிரைவ் மாதிரியே இருக்கும், ஆனால் ரப்பர். நீலத்தில் நீர்நாய் படம் வேறு. வேன் சாவியை அதில் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை போனதற்கு ஒன்றாவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

அடுத்த தடவை லேப்டாப்பைக் கொண்டு போனேன். ஒட்டு விழா நடந்தது. ஸ்டிக்கர் குழுவில் மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நீர்நாயை நேராக ஒட்டுவதா, சாய்த்து ஒட்டுவதா என்று தகராறு வந்தது. நேராக ஒட்டுவது அடிமைப் புத்தி என்று ஒரு கட்சி, சாய்த்து ஒட்டினால் தூங்குவதுபோல் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. ஸ்கேலும் பாகைமானியும் வந்தன. இரண்டு பேர் பேரவையை விட்டு விலகினார்கள், ஒருவர் உடனே திரும்பி வந்தார். கடைசியில் மூடியில் சாய்த்தும் உள்ளே நேராகவும் ஒட்டுவதென்று முடிவானது. உள்ளே பொத்தான்களுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டையோடு நல்ல சமமான இடம் இருக்கிறதே, அங்கே பளிச்சென்று ஒட்டினார்கள்.

அந்த ஓட்டைகள் வழியாகத்தான் என் அக்கா பேசுவாள்.

வீட்டுக்கு வந்து அவள் பொத்தானை அழுத்தினாள். தலையணைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் கேட்டது. நகத்தால் பிய்த்து எடுத்தேன். பசை ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அக்கா தட்டினாள். மூக்கடைத்த குரல் சொன்னது: "எனக்கு ஜலதோஷம். அவங்களுக்கு மூளைக் கோளாறு."

மனைவி சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னும் எத்தனை நடை நடப்பீங்க? அவங்களுக்குப் போடத் தெரியுமா தெரியாதான்னு நேரா கேட்டுட்டு வாங்க."

நேராகக் கேட்கவும் ஒரு விதி இருந்தது. சட்டை போட்டவர்தான் கேள்வி கேட்கலாம். எனக்கு ஒரு டீ-ஷர்ட் தந்தார்கள். என் தொப்பை அதற்குள் அடங்க மறுத்தது. பெரிய அளவு கேட்டேன். "அளவு ஒண்ணுதான். இங்க எல்லாரும் சமம்," என்றார் செயலாளர். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேள்வியைக் கேட்டேன். "உங்க யாருக்காவது இதைப் போடத் தெரியுமா?"

தலைவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். "ஆண்டு விழாவுல, மேடையில, ஆயிரம் கண்ணு பாக்க மாத்துறோம். உங்க அக்காதான் நம்ம முதல் பயனாளி. மெஷின் மாறினதும் அவங்களே மைக்ல பேசுறாங்க. அவங்களுக்கும் சட்டை உண்டு."

முதல் பயனாளி என்றதும் எனக்குப் பகீரென்றது. "அப்போ இதுவரைக்கும் ஒண்ணுகூட மாத்தினது இல்லையா?"

"ஒருத்தருக்கு ஒரு கேள்விதான்," என்றார் செயலாளர்.

வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. வெகுநேரம் தட்டினாள். அந்த மூக்கடைத்த குரல் படித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "முப்பது வருஷம் மத்தவங்க பேச நான் லைன் குடுத்தேன். எனக்கு ஒருத்தரும் மைக் குடுத்ததில்ல. நான் பேசணும்."

மறுநாளே பேரவைக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேச வேண்டியதை எழுதிச் சேமித்தாள். எழுதும்போது என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. "மேடையில கேட்டுக்க துரை," என்றது பெட்டி.

விழா நாளில் அந்தச் சட்டையைப் போட்டுவிடுவது பெரும்பாடாகிவிட்டது. அக்காவின் வலது கை மடங்காது, தூக்கினால் உயிர் போகும். முன்பக்கம் திறக்கிற உடுப்பு மட்டும்தான் போடுவாள். இதுவோ தலை வழியாக மாட்ட வேண்டிய இறுக்கமான பனியன். பின்பக்கம் வெட்டிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். "பின்னால வாசகம் இருக்குங்க," என்றார் செயலாளர். வாசகம் இதுதான்: 'என் கணினி, என் விருப்பம்.'

"பல்லைக் கடிச்சுக்குங்க அண்ணி, இதோ ஆச்சு, ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே மனைவி மாட்டினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாட்டி முடித்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்க்கா, கழட்டிடலாம்," என்றேன். அவள் இடது கையால் பொத்தானை அழுத்தினாள். "வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

மண்டபம் நீலமாக இருந்தது. சக்கர நாற்காலியோடு அக்காவை மேடையில் ஏற்றினோம். லேப்டாப்பை ஒரு மேஜையில் வைத்து, அதன் திரையைப் பெரிய வெள்ளைத் துணியில் காட்டினார்கள். செயலாளர் வந்து மூடியில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பச்சை நிறம். 'நகல் எடுக்கப்பட்டது.' எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. அக்கா எழுதிச் சேர்த்ததெல்லாம் பத்திரம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நாம் பிரச்சாரம் செய்தோம். பிரச்சாரம் செய்தோம் என்பதையும் பிரச்சாரம் செய்தோம். எத்தனை கணினிகளை மாற்றினீர்கள் என்று சில குறுகிய மனத்தினர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், எத்தனை மார்புகளை மாற்றியிருக்கிறோம்! கணினி மேஜையில் கிடக்கும். மார்பு தெருவில் நடக்கும்!"

மார்புகள் கை தட்டின.

"இன்று இரண்டு கட்டம். முதலில் அழித்தல், பிறகு நிறுவுதல். அழித்தலைச் செயலாளர் நிகழ்த்துவார்."

அழிப்பதற்கு மட்டும் பேரவையிடம் உருப்படியாக ஒரு சி.டி. இருந்தது. செயலாளர் அதைச் செருகினார். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று வெள்ளைத் துணியில் வந்தது. ஆம் என்றார். 'நிச்சயமாகவா?' ஆம். 'திரும்பப் பெற முடியாது.' செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். "ஆம்!" என்றது கூட்டம். கீழே பின்வரிசையில் சாயம்போனவர் எழுந்து ஏதோ கத்தினார். தொண்டர்கள் இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்து முடிந்தது. துணி கறுத்தது.

"இப்போது நிறுவுதல்!"

ஒரு சின்னப் பெட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். செயலாளர் அதிலிருந்த பென் டிரைவை உயர்த்திக் காட்டிவிட்டு லேப்டாப்பில் செருகினார். அது வளைந்தது. திருப்பிச் செருகினார். இந்தப் பக்கம் வளைந்தது. நீல நிறம், நீர்நாய் படம். நான் பையிலிருந்து என் வேன் சாவியை எடுத்துப் பார்த்தேன். அதே ரப்பர், அதே நீர்நாய்.

"யோவ், அது சாவிக்கொத்துய்யா!" என்று கத்தினேன்.

செயலாளர் ரப்பரை அழுத்திப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தப் பெட்டியை ஒவ்வொரு விழாவிலும் தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட எதிலும் செருகிப் பார்த்ததில்லை.

தலைவர் அசரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"பாருங்கள் நண்பர்களே, இந்தத் திரையைப் பாருங்கள்! இப்போது இதில் எந்தக் கம்பெனியும் இல்லை. எந்த ஆதிக்கமும் இல்லை. எதுவுமே இல்லை! இதைவிடச் சுதந்திரமான கணினியை நீங்கள் கண்டதுண்டா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்திலேயே அவர் அக்காவிடம் போய் மைக்கை நீட்டினார். "அம்மையார் இப்போது பேசுவார்."

அக்கா இடது கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தினாள். பிறகு வரிசையாக, பழகிய விரலால், ஒன்றுவிடாமல் அழுத்திக்கொண்டே போனாள். டக், டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. என்னைத் தேடினாள். மைக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"ஆ... ஆ..."

"உணர்ச்சிப் பெருக்கில் அம்மையாருக்கு வார்த்தை வரவில்லை!" என்றார் தலைவர். போட்டோ எடுத்தார்கள்.

நான் மேடையேறிச் செயலாளரின் சட்டையைப் பிடித்தேன். "நகல் எங்கய்யா?"

"எடுத்தாச்சே. ஒட்டியிருக்கே."

"ஒட்டியிருக்கு. எடுத்தது யாரு?"

"ஒட்டுறது எங்க குழு. எடுக்கறது நகல் குழு."

"நகல் குழு யாரு?"

"அது அடுத்த வருஷத் திட்டம்."

"எடுக்காம எதுக்குய்யா ஒட்டினே?"

அவர் என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மேடையில அத்தனை பேர் பாக்கறாங்க. ஒட்டலைன்னா எடுக்கலைன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "சட்டையை விடுங்க, படம் கிழிஞ்சிடும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்திரிக்கோலை எடுத்து அக்காவின் சட்டையை முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். என் கணினி ஒரு பக்கம் போயிற்று, என் விருப்பம் ஒரு பக்கம் போயிற்று. அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயம்போனவர் வந்தார். சாதாரணச் சட்டை போட்டிருந்தார். நிஜமான பென் டிரைவ் ஒன்றைச் செருகி, மனைவி போட்டுத் தந்த டீ ஆறுவதற்குள் நீர்நாயை நிறுவிவிட்டார். மெஷின் குதிரையாக ஓடியது. ஓட்டைக்குள் இருந்த பசையை ஊசியால் எடுத்தார். குறுக்கே எந்த அறிவிப்பும் வரவில்லை.

"பழசு ஏதாவது மிச்சம் இருக்கான்னு முதல்ல தேடிப் பாத்தேன்," என்றார் என்னிடம், அக்காவுக்குக் கேட்காத குரலில். "ஒரு வரிகூட இல்ல. அழிக்கறதை மட்டும் ஒழுங்கா செஞ்சிருக்காங்க."

"இதை உங்களால இவ்வளவு சுலபமா போட முடியும்னா, அங்க ஏங்க சும்மா உக்காந்திருந்தீங்க?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "கை தூக்கினேனே," என்றார்.

புதிய சிஸ்டத்தில் குரல் வேறு. பெண்குரல்தான், ஆனால் மெத்தென்று, மரியாதை தெரிந்த குரல். மெஷினை அக்காவின் முன்னால் வைத்தோம். அவள் விரலை வைக்கவில்லை. பொத்தான்களில் ஒன்றிலும் ஒன்றும் இல்லை. மறுபடி முதல் வசவிலிருந்து தொடங்க வேண்டும். "அண்ணி, ஒரே ஒரு வார்த்தை. என்னைத் திட்டுங்களேன்," என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் பேச என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்டேன். அதற்கும் திறக்கவில்லை. அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.

பேரவையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. இந்த வருஷத்துப் புது டீ-ஷர்ட். நெஞ்சில் அக்காவின் படம், வாய் திறந்தபடி. கீழே, 'குரல் பெற்றவர்.' அளவு ஒன்றுதான்.

நேற்றுப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போது வழக்கம்போல் ஒரு கணம் நின்றேன். உள்ளே சத்தமில்லை. அக்கா கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெஷின் திறந்து கிடந்தது. கோடு ஒன்று மின்னி மின்னி யாரோ எழுதுவார்கள் என்று காத்திருந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து என் தடித்த விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினேன். அழுத்தினேன்.

"வந்துட்டியா துரை? கொட்டிக்கிட்டியா?" என்றது அந்த இனிமையான குரல்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். மெதுவாக, இல்லை என்று தலையாட்டினாள். அது அவள் இல்லை. எனக்கும் தெரியும்.

"இன்னும் இல்லக்கா," என்றேன். "நீ கேக்கட்டும்னுதான் இருக்கேன்."